பூ வாங்கிய கை

அத்தியாயம் 11

வாரத்துக்கு ஒரு தடவை சவரம் செய்வதற்கே சலித்துக்கொள்கிற மனுஷன் பொன்னுசாமி. கம்பெனியிலிருந்து ரிட்டயர்டு ஆனவருக்கு யார் வந்து முகம் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்டவர் ஒரு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் கண்ணாடி முன்னால் நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் பவுடர். மத்தியானச் சோறு உள்ளே போனதும், "வேலை இருக்கு" என்று சொல்லி மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

இருட்டும் நேரத்தில் திரும்புகிற அந்தப் பையின் அடியில் கனகாம்பரம் ஒன்றிரண்டு உதிர்ந்து கிடக்கும். சரத்தைக் காணோம். பெண்டாட்டி பார்வதி தலையில் அந்தப் பூ ஏறவில்லை. அப்படியானால் யார் தலையில் ஏறியது?

போதாக்குறைக்குப் போன வாரம் கொல்லைப்பக்கம் நின்று செல்போனில் குரலைத் தாழ்த்தி, "சரி சாந்தம்மா, சனிக்கிழமை வந்துர்றேன்" என்று அவர் சொன்னது, துணி காயப்போடப் போன பார்வதியின் காதில் விழுந்து தொலைத்தது. அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. தட்டில் சோற்றைப் போட்டு நகர்த்திவிட்டுப் போய்விடுவாள்.

நேராகக் கேட்டுவிட்டால் என்ன என்பீர்கள். கேட்டால் பொய் சொல்லுவார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் பொய் சொல்லி முழிப்பதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் வேலை சுளுவு.

மருமகள் மோகனப்ரியாவும் இதற்கு உடந்தை என்று அவளுக்குச் சந்தேகம். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். டூட்டி முடிந்து வந்ததும் மாமனாரும் மருமகளும் குசுகுசுவென்று பேசுவார்கள். பார்வதி உள்ளே நுழைந்தால் பேச்சு உடனே பருப்பு விலைக்குத் தாவிவிடும்.

இன்றும் சனிக்கிழமை. காலையில் மகன் முத்துக்குமார் ஜெனரல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது கூடத்தில் நின்று, "என்னப்பா, வாய் ஒரு பக்கமா இழுத்த மாதிரி இருக்குது?" என்றான். "பல்லு வலிடா" என்றார் பொன்னுசாமி. அடுப்படியில் இருந்த பார்வதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பவுடர் பூசிக்கொண்டு போகிறவருக்குப் பல்வலி ஒரு கேடா என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.

மத்தியானம் அவர் தெருமுனை திரும்பியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளும் செருப்பை மாட்டினாள்.

பொன்னுசாமி டவுன் பஸ் ஏறினார். பார்வதி மாதப்பன் ஆட்டோவில் ஏறினாள்.

"அந்த பஸ்ஸு பின்னாடியே போப்பா."

"பஸ்ஸுல யாருக்கா?"

"உனக்கு எதுக்கு அது? ரோட்டைப் பாத்து ஓட்டு."

மாதப்பன் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். தெருவில் பாதிப் பேருக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறவன். சாயங்காலத்துக்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிடும் என்று பார்வதிக்குத் தெரியும். தெரிந்தும் போனாள். வயிற்றெரிச்சல் யாரைத்தான் விட்டது?

பஸ் ஸ்டாண்டு ஓரமாக அவர் இறங்கினார். நேராகப் பூக்காரியிடம்தான் போனார். ரெண்டு மணிச் சைரன் ஊதி, சிப்காட்டிலிருந்து வந்த ஷிஃப்டு பஸ்களெல்லாம் முக்கில் முட்டிக்கொண்டு நின்ற நேரம். ஆட்டோ நகரவில்லை. பத்தடி தூரத்தில் புருஷன். முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு பார்வதி பார்த்தாள்.

"ஏனம்மா, இது ஒரு முழமா? உன் கை சின்னக் கை. என் கையில அளந்து போடு!"

கன்னடம் பாதி, தமிழ் பாதியாகப் பொன்னுசாமி சத்தம் போட்டார். வலது கையை விறைப்பாக நீட்டினார். பூக்காரி திட்டிக்கொண்டே அவர் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் சரத்தை வைத்து அளந்தாள். "இன்னொண்ணு" என்றார். இன்னொரு முழம். பேரம் முடிகிற வரைக்கும் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வாங்கிய பூவை வாழை இலையில் மடித்துப் பைக்குள் அத்தனை பதவிசாக வைத்தார்.

கல்யாணமான நாளாகத் தனக்கு ஒரு நாள் இப்படிக் கை நீட்டி அளந்து பூ வாங்கியிருப்பாரா? பார்வதிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வருத்தத்தைவிட ஆத்திரம்தான் அதில் அதிகம்.

அவர் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். ஷிஃப்டு பஸ்கள் விலகி, மாதப்பன் சந்து பொந்தெல்லாம் புகுந்து ராயக்கோட்டை ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது, மருமகள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சக்கர நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்த இஸ்திரிச் சட்டை. அந்த மஞ்சள் பை.

சற்று முன்னால் பூக்காரியோடு மல்லுக்கு நின்ற மனுஷனுக்குச் சக்கர நாற்காலி எதற்கு?

அவர்கள் மேலே போனதும் கரண்ட் போய் லிஃப்டு நின்றுவிட்டது. படி ஏறி மாடிக்குப் போனாள். ஒரு ஹாலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். கட்டிலில் அவள் புருஷன். சுற்றிலும் வெள்ளைக் கோட்டு போட்ட சின்ன வயசு டாக்டர்களும் நர்ஸுகளும். தலைமாட்டில் மோகனப்ரியா.

பார்வதி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னா நடக்குது இங்கே?"

"ஐயோ, அத்தை!" மோகனப்ரியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடி வந்து கையைப் பிடித்தாள். "கோச்சுக்காதீங்க அத்தை. இது டிரெய்னிங். ஸ்ட்ரோக் வந்தவங்களை எப்படிப் பாக்கணும்னு டாக்டருங்களுக்கும் எங்களுக்கும் பெங்களூரிலருந்து மேடம் வந்து சனிக்கிழமை சனிக்கிழமை சொல்லித் தர்றாங்க. மாமா நோயாளி மாதிரி நடிக்கறாரு. அவ்வளவுதான்."

"நடிக்கறாரா?"

"வாசல்லயே நோயாளியா மாறிடணும். பெல் அடிக்கற வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் நடிப்பை விடக் கூடாது. அதான் ரூல். உங்ககிட்ட சொன்னா விட மாட்டீங்கன்னு மாமாதான் மறைக்கச் சொன்னாரு."

விட மாட்டாள்தான். சின்ன வயசில் முத்துக்குமார் விளையாட்டுக்கு நொண்டி நடித்ததற்கே மிளகாய் சுற்றிப் போட்டவள் பார்வதி. நோயை விளையாட்டுக்குக்கூடக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவள் நம்பிக்கை. ஆனாலும் பாருங்கள், இத்தனையையும் கேட்டபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இதுக்குத்தானா இந்தப் பவுடரும் சட்டையும்? அடப் பாவி மனுஷா!

நிம்மதிக்குப் பின்னாலேயே கோபம் வந்தது.

"எந்திரிங்க. போதும் உங்க கூத்து. வீட்டுக்குக் கிளம்புங்க."

பொன்னுசாமி அவளைப் பார்த்தார். இடது பக்கம் மட்டும் உதடு அசைந்தது. தொண்டையிலிருந்து 'ங்' என்று ஒரு ஓசை மட்டும் வந்தது.

"சூப்பர் அங்கிள்! வீட்டம்மா வந்தும் ரோலை விடலை பாருங்க!" ஒரு சின்ன டாக்டர் கை தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டு கையையும் தூக்குங்க" என்றாள் இன்னொரு பெண். இடது கை எழுந்தது. வலது கை கொஞ்சம் எழும்பிக் கட்டிலில் பொத்தென்று விழுந்தது.

மோகனப்ரியா குனிந்து அவர் காதோரம், "மாமா, இன்னிக்கு உங்களுக்கு இடது கைதான் விழணும். பேச்சு நல்லா வரணும். மறந்துட்டீங்களா?" என்றாள்.

ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்த பெங்களூர் டாக்டர் சுசித்ரா முன்னால் வந்தார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, பொன்னுசாமியின் வலது உள்ளங்காலில் குதிகாலிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தார்.

போன வாரம் இதே சாவி பட்டதும் கூச்சம் தாங்காமல் விரல்களைக் கீழே மடக்கி, காலை இழுத்துக்கொண்டு சிரித்தாராம். இன்று சிரிக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் மெள்ள மேலே எழும்பியது.

டாக்டர் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் எழும்பியது.

"வாயைக் கோணலாக்கி நடிக்கலாம், கையைத் தொங்கப்போட்டு நடிக்கலாம். இதை யாராலயும் நடிக்க முடியாது" என்றார் டாக்டர் சுசித்ரா. "கிளாஸ் முடிஞ்சுது. இது நிஜம். ஸ்கேனுக்கு எடுத்துட்டுப் போங்க!"

கை தட்டிய பையனின் கை அப்படியே நின்றது. அடுத்த நிமிஷம் அத்தனை பேரும் ஓடினார்கள். ஒருத்தர் பிரஷர் பார்க்க, ஒருத்தர் ஊசி குத்தி ரத்தம் எடுக்க, ஒருத்தர் கீழே ஜெனரேட்டரைப் போடச் சொல்லிக் கத்த, கட்டில் நகர்ந்தது. பார்வதி கூடவே ஓடினாள். மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் வாயில் வைக்கப் போனாள். மோகனப்ரியா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"தண்ணி வேணாம் அத்தை! முழுங்க முடியாது. புரையேறி நுரையீரலுக்குப் போயிரும்."

புருஷனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக்கூட விடாதவளா மருமகள்? அந்த நேரத்திலும் பார்வதியின் புத்தி அப்படித்தான் போயிற்று. பிறகு அவர் வாயோரம் வழிந்த எச்சிலை அவள் வெறும் கையால் துடைப்பதைப் பார்த்தாள். பெற்ற அப்பனுக்குத் துடைக்கிற மாதிரி துடைத்தாள்.

ஸ்கேன் எடுத்து முடித்ததும் அந்த ரூம் வாசலில் டாக்டர் சுசித்ரா கேட்டார். "அம்மா, இவரைக் கடைசியா நல்லபடியா எப்ப பார்த்தீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

பார்வதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள். பக்கத்தில் மருமகள். புருஷனை வேவு பார்த்துக்கொண்டு ஆட்டோவில் பின்னாலேயே வந்தேன் என்று எந்த வாயால் சொல்லுவாள்? நீ எப்படி இங்கே வந்தாய் என்று இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை. அதுவே புண்ணியம் என்றிருந்தது.

"காலையில... டிபன் சாப்பிடறப்ப" என்றாள். "அப்புறம் நான் சரியா கவனிக்கலைங்க."

அதற்குள், மோகனப்ரியா போன் போட்டுச் சொன்னதில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க முத்துக்குமார் ஓடி வந்தான். "காலையிலயே அப்பாவுக்கு வாய் கோணலாத்தான் இருந்துச்சு டாக்டர். நான் கேட்டேன். பல்லு வலின்னாரு. நான் ஒரு மடையன், நம்பிட்டுப் போயிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

டாக்டரின் முகம் மாறியது.

"ஸ்கேன்ல ரத்தக் கசிவு இல்லை. அடைப்புதான். அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்குது. ஆனா ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். காலையிலேருந்தே இருந்தா போடக் கூடாது. நேரம் தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து."

"காலையில மாமா நடிச்சுப் பழகியிருப்பாரு மேடம்!" என்றாள் மோகனப்ரியா. "சனிக்கிழமை காலையில கண்ணாடி முன்னாடி நின்னு பழகறதா எங்கிட்டயே சொல்லியிருக்கறாரு. எங்க வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியாது. அதான் பல்லு வலின்னு சமாளிச்சிருப்பாரு."

"இருக்கலாம். நிஜமாவும் இருந்திருக்கலாம். அவரைத்தான் கேக்கணும், அவரால பேச முடியலை. வாசல்ல அவரை உள்ள கூட்டிட்டு வந்தவங்களும் நடிப்புன்னுதான் நெனச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி அவரை நல்லபடியா பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

மோகனப்ரியா இல்லையென்று தலையாட்டினாள்.

"இல்லைன்னா ஊசி இல்லை. மத்த வைத்தியம் செய்வோம். கையும் பேச்சும் எவ்வளவு திரும்புதோ, அவ்வளவுதான்."

பார்வதி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அந்த வலது கை பக்கவாட்டில் துவண்டு கிடந்தது. பூக்காரிக்கு முன்னால் விறைப்பாக நின்ற கை. அதை நினைத்தாலே அவளுக்கு இன்னும் எரிகிறது. ஆனாலும் அந்தக் கையை இனிமேல் இப்படியே பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது. மானம் போனால் போகிறது.

"நான் பாத்தேன்" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ரெண்டு மணிச் சைரன் ஊதறப்ப நல்லாத்தான் இருந்தாரு. பஸ் ஸ்டாண்டுல. நான் பாத்தேன்."

"நீ வீட்லதானேம்மா இருந்தே?" என்றான் முத்துக்குமார்.

"இல்லடா. உங்கப்பன் பின்னாலயே ஆட்டோவுல வந்தேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? சந்தேகப்பட்டுத்தான்!" அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "வேற எவளையோ பாக்கப் போறாருன்னு சந்தேகப்பட்டு, முக்காடு போட்டுக்கிட்டுத் திருடி மாதிரி வந்தேன். போதுமா?"

முத்துக்குமார் தரையைப் பார்த்தான். மோகனப்ரியா மட்டும் மாமியார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். டாக்டர் சுசித்ராவோ எதற்கும் அதிசயப்படவில்லை. அவருக்கு வேண்டியது வேறு.

"பேசினாரா? நீங்களே காதால கேட்டீங்களா?"

"பேசினாரா? பூக்காரிகிட்ட சண்டையே போட்டாரு. கன்னடத்துலயும் தமிழ்லயும். ஒரு வார்த்தை குழறலை."

"எந்தக் கையை நீட்டினார்?"

"இந்தக் கைதான்." பார்வதி தன் வலது கையை விறைப்பாக நீட்டிக் காட்டினாள். "உன் கை சின்னது, என் கையில அளந்து போடுன்னாரு. ரெண்டு முழம் அளந்தா. பேரம் முடியற மட்டும் இப்படியே வெச்சிருந்தாரு. கை ஆடலை, இறங்கலை. வாயும் நேரா இருந்துச்சு. எம்மேல சத்தியமாச் சொல்றேன் டாக்டர், அவரை விட்டு என் கண்ணு வேற எங்கயும் போகவே இல்லை."

"சைரன் அப்பத்தான் ஊதிச்சா?"

"ஆமாங்க. ஷிஃப்டு பஸ்ஸெல்லாம் முக்குல நின்னுதுங்களே, அப்பத்தான். ஆட்டோ மாதப்பனும் பாத்தான். வாசல்லதான் நிக்கறான், கூப்பிட்டுக் கேளுங்க."

முத்துக்குமார் ஓடிப்போய் மாதப்பனை இழுத்து வந்தான். "ஆமாங்க மேடம், சாரு பூக்காரம்மாவை ஒரு வழி பண்ணிட்டாரு" என்றான் அவன். "நம்ம அக்காதான் மூஞ்சியை மூடிக்கிட்டு..."

"அது போதும், நீ போ" என்றாள் பார்வதி.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் இருந்தது. "ஊசியை எடுங்க" என்றார். காட்டிய இடத்தில் பார்வதி கையெழுத்துப் போட்டாள். சந்தேகப்பட்டுப் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்பார்கள். அந்தக் கண்ணை நம்பித்தான் மருந்து இறங்கியது.

மருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டிருந்தபோது பார்வதி மருமகளை ஓரமாகக் கூப்பிட்டாள். மனசு ஆறினாலும் வாய் சும்மா இருக்குமா?

"மோகனா, இந்த ஆஸ்பத்திரியில சாந்தம்மான்னு யாராவது இருக்கறாங்களா?"

"சாந்தம்மாவா? அப்படி யாரும் இல்லீங்களே அத்தை."

"மாமா இங்கே யாருக்காவது பூ கொண்டாந்து கொடுப்பாரா?"

"பூவா?" மோகனப்ரியா முழித்தாள். "கிளாஸ் முடிஞ்சதும் பையைத் தூக்கிட்டுப் போயிருவாரு. வீட்டுக்குத்தான் வர்றாருன்னு நான் நெனச்சேன்."

கிளாஸ் முடிவது நாலு மணிக்கு. அவர் வீடு வருவது இருட்டும்போது. கட்டிலோரம் மஞ்சள் பை தொங்கியது. பார்வதி அதைத் தொடவில்லை.

சாயங்காலம் அவர் வலது கை விரல்கள் லேசாக அசைந்தன. மோகனப்ரியா பார்த்துவிட்டுக் கத்தினாள். டாக்டர் சுசித்ரா வந்தார். கை தட்டிய சின்ன டாக்டரும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றான்.

"எங்க, என் கையைப் பிடிங்க. நல்லா. இன்னும் அழுத்தி. ஆங்! இப்ப ஏதாவது பேசுங்க பார்ப்போம்."

பொன்னுசாமியின் உதடு துடித்தது. கண் சுற்றிச் சுற்றி எதையோ தேடியது. மஞ்சள் பை மேல் நின்றது.

"சா..." என்றார். மூச்சு வாங்கினார். "சா... சாந்தம்மா."

வார்டில் அப்படி ஒரு சந்தோஷம். மோகனப்ரியா அழுதேவிட்டாள். சின்ன டாக்டர் மறுபடியும் கை தட்டினான். முத்துக்குமார் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டப்போன கையைக் கீழே போட்டான்.

"இந்த நோயில முதல்ல வார்த்தை மாறித்தாம்மா வரும்" என்றார் டாக்டர். "ஒண்ணு சொல்ல நெனச்சு இன்னொண்ணு சொல்லுவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. யாரு அது, உங்க சொந்தமா?"

பார்வதி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் அவள் விரலைப் பிடித்தன. பிடி லேசாக இருந்தாலும் பிடிதான். அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, அந்தப் பையைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் என்றும் வந்தது.

"தெரியலைங்க டாக்டர்" என்றாள். "அதைக் கேக்கறதுக்காவது இந்த மனுஷன் முழுசா எந்திரிச்சு வரணும்."